நான் ஏசாவாக இருந்தால்?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பில் ரோமர் நிருபம் நடக்கிறது. ஒன்பதாம் அதிகாரத்துக்கு வந்தபோது, ‘யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்’ என்ற வசனத்தை வைத்து, யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பது உலகத்தோற்றத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது, இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று போதித்தார்கள். எனக்கு அந்த நிச்சயம் இல்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால், என் பெயரே அந்தப் பட்டியலில் இல்லையென்றால் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டேன். என் தம்பி கல்லூரிக்குப் போனதிலிருந்து ஆராதனைக்கே வருவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஏசாக்கள்தானா? பிறக்கும் முன்பே தள்ளப்பட்டவன் என்னதான் செய்ய முடியும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)
திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

ஏசாவிலிருந்தே தொடங்குகிறேன், அவன் பெயர்தான் உங்களை இவ்வளவு பயமுறுத்தியிருக்கிறது. பவுல் அங்கே எடுத்துக்காட்டுவது மல்கியாவின் முதல் அதிகாரத்தை. மல்கியா பேசிய காலத்தில் ஏசா இறந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஏசாவின் சந்ததியார் வாழ்ந்த, பாழாகிக் கிடந்த ஏதோம் தேசத்தைப் பற்றிய வார்த்தை அது. ஏசா, யாக்கோபு என்ற இரட்டையரின் தாய் ரெபெக்காளுக்குச் சொல்லப்பட்டதும் அப்படியே. அவள் கர்ப்பத்தில் இருப்பது இரண்டு ஜாதிகள் என்றுதான் ஆதியாகமம் 25 சொல்கிறது. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் எந்த வம்சத்தின் வழியாகப் போகும் என்பதே அங்கே கேள்வி. இது ஏசா என்கிற தனிமனிதனின் நித்திய முடிவைக் குறிக்கிறது என்று வாசிக்கும் நல்ல வேத அறிஞர்கள் உண்டு. அவர்களை மதிக்கிறேன், ஆனால் அந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏசாவின் கதை அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடவில்லையே! ஆதியாகமம் 33ஐ ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். நானூறு பேரோடு அண்ணன் வருகிறான் என்று கேள்விப்பட்டு யாக்கோபு நடுங்குகிறான். ஏழுதரம் தரைமட்டும் குனிந்து வணங்கியபடி முன்னே போகிறான். ஏசாவோ ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறான், இருவரும் அழுகிறார்கள். உம்முடைய முகத்தைப் பார்த்தது தேவனுடைய முகத்தைப் பார்த்ததுபோல இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்வது, தெரிந்துகொள்ளப்பட்ட யாக்கோபு! பின்பு சேயீர் மலைநாட்டைக் கர்த்தரே ஏசாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக உபாகமம் 2 சொல்கிறது. ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன் என்கிறது 23ஆம் அதிகாரம். எபிரெயர் 12 ஏசாவைக் கடுமையாகப் பேசுவதும் உண்மைதான். ஆனால் அங்கே அவன்மேல் வைக்கப்படும் குற்றம் என்ன? ஒருவேளைச் சாப்பாட்டுக்காகத் மூத்த மகனுக்குரிய உரிமையாகிய தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றுப்போட்டான் என்பது. தேவன் என்னைத் தள்ளிவிட்டாரோ என்று தூக்கமில்லாமல் தவிக்கிற நீங்கள் எதை விற்றீர்கள்?

ரோமர் 9ஐ மட்டும் தனியாகப் படித்தால் யாருக்கும் மூச்சு முட்டும். 9, 10, 11 மூன்றும் சேர்ந்து ஒரே வாதம். தேவன் தெரிந்துகொண்ட இஸ்ரவேலில் பெரும்பாலோர் மேசியாவை ஏற்கவில்லையே, அப்படியானால் அவர் கொடுத்த வாக்கு பொய்த்துவிட்டதா? பவுலின் நெஞ்சை அறுக்கும் கேள்வி இதுதான். தன் இனத்தாருக்குப் பதிலாகத் தானே சபிக்கப்பட்டவனாகலாம் என்று சொல்லும் அளவுக்கு அவருக்குத் துக்கம். அந்தத் துக்கத்தோடு வாதாடி, 11ஆம் அதிகாரத்தில் அவர் எங்கே வந்து சேருகிறார் என்று பாருங்கள். ஒலிவமரத்திலிருந்து முறித்துப்போடப்பட்ட கிளைகளைப்போல விலகிப்போன இஸ்ரவேலரையும் திரும்ப ஒட்டவைக்கத் தேவன் வல்லவர். அவருடைய கிருபைவரங்களும் அழைப்பும் மாறாதவை. ‘எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக’ என்பது வாதத்தின் கடைசிப் படி. அதன்பிறகு துதி மட்டுமே. உங்கள் வகுப்பும் 11ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம்வரை போகட்டும்.

யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தலைப் பற்றிய சண்டை பழையது. இங்கிலாந்தின் எழுப்புதல் பிரசங்கிகளான வெஸ்லியும் (இதை மறுத்தவர்) வைட்ஃபீல்டும் (ஏற்றவர்) இதற்காக 1739, 40 வாக்கில் வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள். 1770இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவரும் அதே வெஸ்லிதான். 

இந்தப் போதனையை மிகக் கறாராக வகுத்தவர்கள் உங்களுக்கு என்ன சொல்லியிருப்பார்கள்? நெதர்லாந்தின் டார்ட்ரெக்ட் நகரில் 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடிய சீர்திருத்தச் சபைகளின் டார்ட் மாமன்றம், இப்போதனையை எதிர்த்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தவர்கள் 1610இல் முன்வைத்த ஐந்து கூற்றுகளை மறுத்துத் தீர்மானங்கள் எழுதியது. சீர்திருத்தவாதி கால்வினின் பெயரால் அழைக்கப்படும் கால்வினியத்தின் ஐந்து கொள்கைகள் என்று இன்று போதிக்கப்படுவதற்கு அவையே மூலம். அவற்றின் முதல் பகுதியில் 16ஆம் பிரிவு அப்படியே உங்களைப் பற்றியது. விசுவாசத்தின் நிச்சயத்தைத் தங்களுக்குள் இன்னும் உறுதியாக உணராதவர்கள், ஆனால் தேவன் ஏற்படுத்திய வழிகளைக் கைக்கொள்ளுகிறவர்கள், தள்ளப்படுதலைப் பற்றிக் கேட்டுக் கலங்கக் கூடாது, தள்ளப்பட்டவர்களோடு தங்களைச் சேர்த்துக்கொள்ளவும் கூடாது, அந்த வழிகளை விடாமல் பற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்கிறது. காரணமாக அது காட்டுவது, நெரிந்த நாணலை முறிக்காமலும் மங்கியெரிகிற திரியை அணைக்காமலும் இருப்பார் என்ற வாக்குத்தத்தம். சீர்திருத்தச் சபைகளின் கணக்கில் அந்த வழிகள் வசனம், ஜெபம், திருவிருந்து. நிச்சயம் இல்லை என்று நீங்கள் விட்டுவிட்டீர்களே, நிச்சயம் இல்லாதவர்கள் விடாதிருக்க வேண்டும் என்று டார்ட் சொன்னது இவற்றைத்தான்.

நீங்கள் சொல்லும் அந்தப் பட்டியலை ஒருவரும் பார்த்ததில்லை, உங்கள் வகுப்பில் போதித்தவர் உட்பட. எபேசியர் முதல் அதிகாரம் ‘கிறிஸ்துவுக்குள்’ நம்மைத் தெரிந்துகொண்டார் என்கிறது. நம்முடைய தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கும் கண்ணாடி கிறிஸ்துவே, நமக்குள் தேடினால் அந்த நிச்சயம் அகப்படாது என்று கால்வினே எழுதியிருக்கிறார். யோவான் 6:37ஐ எடுங்கள். ‘பிதாவானவர் எனக்குக் கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும்’ என்பது முதல் பாதி. அது தேவனுடைய காரியம், அதற்குள் நுழைந்து எட்டிப்பார்க்க உங்களிடம் யாரும் கேட்கவில்லை. ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ என்ற அடுத்த பாதி உங்கள் கையில் கொடுக்கப்பட்டது. முழங்கால் போடும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

தம்பியைப் பற்றி. 9ஆம் அதிகாரத்தை எழுதிய அதே பவுல் 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, இஸ்ரவேலர் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே என் இருதயத்தின் விருப்பம், அதுவே என் விண்ணப்பம் என்கிறார். எல்லாம் முடிந்துபோன காரியம் என்று நினைத்திருந்தால் அவர் ஏன் ஜெபிக்க வேண்டும்? நீங்களும் தம்பிக்காக அப்படியே ஜெபியுங்கள். விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வரும்போது இந்த வசனங்களை வைத்து அவனோடு வாதாட வேண்டாம். எனக்கு எழுதியதை ஒன்றும் மறைக்காமல் உங்கள் ஆயரிடம் சொல்லுங்கள். அடுத்த திருவிருந்து ஆராதனைக்குக் கட்டாயம் போங்கள்.