திங்கள் கூட்டம் ஏன் இழுக்கிறது?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன், 14 பேர். அரை மணி நேரக் கூட்டம் ஒன்றரை மணி ஆகிறது, முடிவுதான் தேறுவதில்லை.
– வாசகர், சேலம்

பதில்: 14 பேரையும் உட்காரவைப்பதுதான் முதல் கோளாறு. வெள்ளி உருக்குதல், கம்பி இழுப்பு, பற்றவைப்பு, மெருகு என்று பிரிவுக்கு ஒருவர் போதும். ‘உற்பத்தி’ என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் பேச்சு ஊரைச் சுற்றும். ‘வெள்ளிக்கிழமை தரவேண்டிய 6 கிலோவுக்குப் பற்றவைப்பில் யாரைக் கூட்டுவது?’ என்று கேள்வியாகவே முந்தின நாளே பலகையில் எழுதிவிடுங்கள். சேதாரக் கணக்கை அங்கே வாசிக்காதீர்கள். பாதி நேரத்தைத் தின்பது அதுதான். எடைச் சீட்டை முன்பே கொடுத்து, வித்தியாசம் வந்ததை மட்டும் பேசுங்கள். டீ கடைசியில் வரட்டும். வேலை, பெயர், தேதி மூன்றையும் நோட்டில் எழுதி, எழுவதற்கு முன் வாசித்துக் காட்டுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்றால் பெயர் விழவில்லை, விடாதீர்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.