ஓலையில் இருந்ததும் அச்சில் வந்ததும்

கேள்வி: ஓலைச்சுவடிகளில் நூல்கள் ஏற்கெனவே இருந்தனவே, அச்சு தமிழ்ச் சமூகத்தில் புதிதாக எதை மாற்றிவிட்டது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: நூல்கள் இருந்தன; ஆனால் மடங்களிலும் புலவர் வீட்டுப் பரண்களிலும் கிடந்த சுவடியைப் படிக்க உடையவரின் தயவும், பாடம் சொல்ல ஓர் ஆசிரியரும் வேண்டியிருந்தன. ஏனெனில் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. அச்சு இவற்றைக் கண்ணுக்குக் காட்டியதால், தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் வாசகர் பெருகினார். என் பார்வையில் இதுவே பெரிய மாற்றம்.

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறித்தவ சமய நூல் தமிழில் அச்சேறியிருந்தும், நெடுங்காலம் அச்சு பெரும்பாலும் மிஷனரிகளிடமும் அரசிடமுமே இருந்தது. 1835-இல் அச்சகங்கள் மீதான அரசின் கட்டுப்பாடு தளர்ந்த பிறகே உள்ளூரார் பரவலாக அதில் இறங்கினர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, சமணக் காப்பியமும் சங்கப் பாட்டும் சமயம் கடந்து பொதுச்சொத்தாயின. கூடவே சென்னைக் குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் ‘குஜிலி’ எனப்பட்ட மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்களும் சந்தையில் குவிந்தன. புலவர்கள் முகம் சுளித்திருக்கலாம், ஆயினும் எளியோரைப் படிக்க வைத்ததில் அவற்றுக்கும் பங்குண்டு.