இறால், நண்டு, காளான்: கைட்டினை ஒரே முறையில் பிரிக்கலாமா?

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் கழிக்கப்படும் இறால் ஓடு, டெல்டா வயல் நண்டின் ஓடு, வைக்கோலில் வளரும் காளான் ஆகியவற்றிலிருந்து ஒரே முறையில் கைட்டினை, அதாவது ஓட்டுக்கும் காளானின் செல்சுவருக்கும் உறுதி தரும் நீண்ட சங்கிலிப் பொருளை, பிரிக்கலாமா என்று கேட்டுள்ளீர்கள். ஓடுகளுக்கு அடிப்படை ஒன்றே: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் புரதத்தை நீக்கும். நண்டோட்டில் கால்சியம் கார்பனேட் மிகுதி என்பதால் அமிலத்தைச் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். இல்லையெனில் நுரை பொங்கி வழியும்.

காளானில் சுண்ணாம்புத் தொல்லை இல்லை. ஆனால் கைட்டின் அங்கே குளுக்கான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலிப் பொருளோடு பிணைந்திருப்பதால் தூயதாகப் பெறுவது கடினம். (1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் பிராக்கோனோ கைட்டினை முதலில் பிரித்தது காளானிலிருந்துதான்.)

ஊசிக் கணவாயின் கண்ணாடி போன்ற உள்தண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைட்டின் சங்கிலிகள் அடுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து வகைகள் உண்டு: அதிலுள்ளது பீட்டா வகை, மற்றவற்றில் ஆல்பா. இவற்றை வேறுபடுத்த, அகச்சிவப்பு நிறமாலையில் ஆல்பாவுக்கு 1660, 1620 செ.மீ⁻¹ (அலை எண்) அருகே இரட்டை முகடு தெரியும். பீட்டாவுக்கு அப்பகுதியில் ஒற்றை முகடுதான்.