முடக்குவாதம்: ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் கையில் உள்ள வீக்கமும்

கே: வயது 62. செக்கப்பில் ஆர்.ஏ. ஃபேக்டர் 48. வலி, வீக்கம் இல்லை. மாத்திரை ஆரம்பிக்கலாமா?

ப: வேண்டாம். அது முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்த டெஸ்ட். ஆனால் வயதானவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு நோய் இல்லாமலே இப்படி அதிகமாகக் காட்டும். ஹெபடைடிஸ் சி, காசநோய் இருந்தாலும் ஏறும். மூட்டு வீங்கினால் வாருங்கள்.

கே: மூட்டு வலிக்கு எந்த மாத்திரை நல்லது?

ப: எந்த மூட்டு? எத்தனை நாளாக? வயது என்ன? ஒன்றுமே எழுதாமல் மாத்திரைப் பெயரை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? விவரமாக எழுதுங்கள்.

கே: இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீக்கம். காலையில் ஒன்றரை மணி நேரம் விரலை மடக்க முடியவில்லை. ஆர்.ஏ., ஆன்டி சி.சி.பி. இரண்டும் நெகட்டிவ், அதனால் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ப: ஆன்டி சி.சி.பி.யும் முடக்குவாதத்துக்கான ரத்த டெஸ்ட்தான். ஆனால் இந்த நோயாளிகள் நாலைந்து பேரில் ஒருவருக்கு இரண்டுமே நெகட்டிவ்தான். நீங்கள் சொல்வது முடக்குவாதம் போலத்தான் இருக்கிறது. தலையிலோ முழங்கையிலோ தோல் செதில் செதிலாக உதிர்கிறதா என்றும் பாருங்கள், அது சோரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம். மூட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

கே: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டி சி.சி.பி. பார்க்கிறேன். 340 இருந்தது 190 ஆகிவிட்டது. முடக்குவாதத்துக்குத் தந்த மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை நிறுத்திவிட்டேன். சரிதானே?

ப: தவறு. இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். அந்த டெஸ்ட் நோய் இன்னதென்று கண்டுபிடிக்க ஒருமுறை போதும். நோய் அடங்கியதா என்று அது சொல்லாது. பல லேப்களில் 20ஐத் தாண்டினால் பாசிட்டிவ், அதன் மூன்று மடங்குக்கு மேல் போனால் அதிகம். 340ம் சரி, 190ம் சரி, இரண்டும் அதிகம்தான்.

இப்படித்தான் ஒரு அம்மா தடிமனான ஃபைலோடு வந்தார். எண் இறங்கிக்கொண்டே வந்திருந்தது, அவரும் மாத்திரையை விட்டிருந்தார். வலது மணிக்கட்டைத் தொட்டேன்: சூடாக இருந்தது, அழுத்தினால் பஞ்சு போல அமுங்கியது. இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கி எட்டு மாதம் ஆயிற்று என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. அரித்த எலும்பு திரும்ப வராது. டெஸ்டுக்குக் கொட்டிய பணம் பல மாத மருந்துக்கு ஆகியிருக்கும். கவனிக்க வேண்டியது வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, காலை விறைப்பு, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட்கள். அப்புறம், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கே: ஆன்டி சி.சி.பி. மிக அதிகம். இப்போது வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. சளிதானே?

ப: அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். இந்த நோய் நுரையீரலையும் தொடும், மெத்தோட்ரெக்ஸேட்டாலும் அபூர்வமாக நுரையீரல் பாதிப்பு வரும். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்கேன் தேவைப்படலாம். சிகரெட் உண்டென்றால் இன்றே விடுங்கள்.

கே: எனக்கு முடக்குவாதம். 24 வயது மகளுக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?

ப: வேண்டாம். இந்த டெஸ்ட்கள் தேடும் ஆன்டிபாடி, நோய் வருவதற்குச் சில வருடம் முன்பே ரத்தத்தில் தலைகாட்டலாம், ஆனால் அது இருப்பவர்களுக்கெல்லாம் நோய் வருவதில்லை. விரல் கணு வீங்கி இரண்டு வாரத்தில் வடியாவிட்டால் அழைத்து வாருங்கள். மறுபடியும் எல்லோருக்கும் சொல்கிறேன், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள்தான்.