எலக்ட்ரிக்கல் படிக்கும் மகன் காமெடியன் ஆகப்போகிறேன் என்றால்

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டாண்ட் அப் காமெடிக்குப் போகிறேன் என்கிறார், அமெரிக்க காமெடியன்களை உதாரணம் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். அவர் காட்டும் அந்த ஆட்கள் முதலில் எதைச் செய்து சம்பாதித்தார்கள் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள்.

அமெரிக்க காமெடியன் கேரி ஷாண்ட்லிங்கை எடுத்துக்கொள்வோம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் அவரும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்தான் சேர்ந்தார். 19 வயதில், தான் எழுதிய ஜோக்குகளை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி ஃபீனிக்ஸ் போய், அங்கே நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த பிரபல காமெடியன் ஜார்ஜ் கார்லினிடம் காட்டினார். கார்லின் படித்துப் பார்த்து ஊக்கம் கொடுத்தார். அதற்காக ஷாண்ட்லிங் படிப்பைத் தூக்கி எறியவில்லை. மார்க்கெட்டிங்குக்கு மாறி, பட்டம் வாங்கினார். அப்புறம்தான் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே கொஞ்ச காலம் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. பிறகு 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' என்ற டிவி தொடருக்கு ஒரு ஸ்கிரிப்ட் விற்றார்.

அந்தத் தொடர் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் பழைய சாமான் கடை நடத்தும் ஒரு கறுப்பினத் தந்தையையும் மகனையும் பற்றியது. அரிசோனாவின் டூசான் நகரில் வளர்ந்த யூத இளைஞரான ஷாண்ட்லிங் அவர்கள் பேசும் வசனத்தை எழுதினார். தனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத பேச்சில் சிரிப்பை வரவைத்த அந்தப் பயிற்சி சாதாரணமானதல்ல. இதே தொடருக்கு 1972இல் புகழ்பெற்ற ஸ்டாண்ட் அப் காமெடியன் ரிச்சர்ட் ப்ரையரும் எழுதியிருக்கிறார். ஷாண்ட்லிங் அடுத்து 'வெல்கம் பேக், கோட்டர்' தொடருக்கும் எழுதினார். தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தியது 1986இல்தான். 1992இல் வந்த 'தி லாரி சாண்டர்ஸ் ஷோ'வை இன்றும் எழுத்தாளர்கள் கொண்டாடுகிறார்கள்.

காமெடியன்கள் நார்ம் மெக்டொனால்டும் கானன் ஓ'பிரையனும் இப்படித்தான். முன்னவர் 'ரோசன்' தொடரின் எழுத்தாளர் குழுவில் இருந்துவிட்டுத்தான் 1993இல் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற டிவி காமெடி நிகழ்ச்சிக்குப் போனார். பின்னவர் தன் பேச்சு நிகழ்ச்சியைத் தொடங்குவதற்கு முன் 'தி சிம்சன்ஸ்' கார்ட்டூன் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

எனவே தம்பியிடம், "படிப்பா காமெடியா?" என்று கேட்காதீர்கள். "எழுதி வைத்திருக்கிறாயா, காட்டு" என்று கேளுங்கள். மேடையில் ஐந்து நிமிடம் கைதட்டல் வாங்குவது வேறு, 22 நிமிட எபிசோடுக்குக் கதை கட்டுவது வேறு. இரண்டாவதற்குத்தான் சம்பளம் இருக்கிறது, குழுவில் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் புதியவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் தொடர் ஒன்றுக்குத் தாங்களாகவே ஒரு எபிசோட் எழுதி மாதிரிக்குக் காட்டுவார்கள். 'ஸ்பெக் ஸ்கிரிப்ட்' என்பார்கள். அதை விலைக்கு வாங்காவிட்டாலும், எழுதத் தெரிந்தவர் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தம்பியும் அப்படி இரண்டு எழுதட்டும். ஒன்று அவருக்குப் பிடித்த தொடருக்கு, இன்னொன்று கொஞ்சமும் பிடிக்காத தொடருக்கு. அந்த இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். பிறர் குரலில் எழுத வருமா என்று அதில் தெரிந்துவிடும். கல்லூரியை விட வேண்டியதில்லை, செமஸ்டர் விடுமுறை போதும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த நாட்களில் அவரை வேறு கோச்சிங் வகுப்பில் சேர்க்காமல் இருப்பது.

இரண்டையும் முடித்தால் அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவரிடமே பேசுகிறேன். ஒன்றுகூட முடிக்கவில்லை என்றால், டிகிரி முடியும்வரை இந்தப் பேச்சை ஒத்திவைக்கலாம் என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.