கழுத்துத் துளையும் குடிக்கும் தண்ணீரும்

கேள்வி: நான் மருத்துவமனையில் செவிலியர் உதவியாளராக வேலை பார்க்கிறேன். டிரக்கியாஸ்டமி (மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது) செய்யப்பட்ட நோயாளி ஒருவர் தண்ணீர் கேட்டபோது, "கழுத்தில் முன்பக்கம் இருப்பது உணவுக்குழாய், பின்னால் இருப்பதுதான் மூச்சுக்குழாய், வாயில் ஊற்றினால் துளை வழியே வந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன்" என்றார் என்னைவிட மூத்த பணியாளர் ஒருவர். அவர் சொல்வது சரியா?

பதில்: அவர் முன்னையும் பின்னையும் மாற்றிச் சொல்லியிருக்கிறார். குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் நடுவில் விரலை மெல்ல ஓட்டினால் வளையம் வளையமாகத் தட்டுப்படுவது மூச்சுக்குழாய். அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இறங்குவது உணவுக்குழாய். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமாக இல்லாமல் பின்பக்கம் திறந்திருக்கும்; அந்த இடைவெளியைத் தசையும் சவ்வும் மூடியிருப்பதால், உணவுக் கவளம் இறங்கும்போது உணவுக்குழாய் சற்று விரிய இடம் கிடைக்கிறது. டிரக்கியாஸ்டமித் துளை பெரும்பாலும் 2 முதல் 4 வரையிலான வளையங்களுக்கு இடையே மூச்சுக்குழாயில் இடப்படுகிறது. உணவுக்குழாயை அது தொடுவதே இல்லை.

ஆனால் அவர் கண்ணால் கண்டது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து முன்னே நகர்கிறது, குரல்வளை மூடி கவிகிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, அந்தக் கணம் மூச்சும் நிற்கிறது. இந்த ஒழுங்கு குலைந்தால் தண்ணீர் குரல்வளைக்குள் நுழைந்து மூச்சுக்குழாயில் இறங்கி, இருமும்போது துளை வழியே வெளிவரும். அதை உணவுக்குழாயில் உள்ள ஓட்டை என்று எண்ணித் துடைத்துவிட்டுப் போனால், நுரையீரலுக்குள் நீர் போகிறது என்ற எச்சரிக்கையைத் தவறவிட்டதாகிவிடும். உடனே கொடுப்பதை நிறுத்திவிட்டு, பொறுப்புச் செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

துளையில் பொருத்திய குழாயைச் சுற்றியுள்ள பலூன் ஊதியிருந்தால் நுரையீரலுக்குள் எதுவும் இறங்காது என்று நம்புவோரும் உண்டு. அதுவும் முழுப் பாதுகாப்பு அன்று. அதை அளவுக்கு மீறி ஊதினால் பின்னாலுள்ள உணவுக்குழாயையே அழுத்தி விழுங்குவதைக் கடினமாக்கும். டிரக்கியாஸ்டமி உள்ள பலர் வாயால் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மைதான் என்றாலும், விழுங்கும் திறனைப் பரிசோதித்து அனுமதி தரப்படும் வரை ஒரு மிடறு தண்ணீர்கூட உங்கள் பொறுப்பில் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. குரல்வளையை முழுவதும் அகற்றியவர்களுக்கும் கழுத்தில் துளைதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியாது. அவர்களுக்கு வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நுரையீரலுக்குப் பாதையே கிடையாது என்பதால், முகத்தில் மாட்டும் ஆக்சிஜன் முகமூடியால் பயனில்லை. கழுத்துத் துளையில்தான் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். துளை எந்த வகை என்பதைப் படுக்கையின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி உங்கள் வார்டில் கேளுங்கள்.