அமெரிக்கச் சிற்றூர்களில் லெபனான் குடும்பங்கள் குடியேறியது எப்படி?

கடைத்தெரு எட்டாத பண்ணைவீடுகளுக்குத் துணி, ஊசி, நூல் முதலியவற்றைத் தோளில் சுமந்து சென்று விற்றதே அவர்களில் பலருக்கு வழி திறந்தது. மொத்த வணிகர்கள் சரக்கைக் கடனாகத் தந்ததால், முதலும் ஆங்கிலமும் இல்லாதவர்கள்கூட இத்தொழிலில் இறங்க முடிந்தது. அபூரெஸ்க் குடும்பம் இதற்கு நல்ல சான்று. ஒட்டோமான் ஆட்சியில் இருந்த லெபனானிலிருந்து வந்த தந்தை, தெற்கு டகோட்டாவில் சுமை வணிகராகத் தொடங்கி, லக்கோட்டா என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் வாழும் ரோஸ்பட் வட்டாரத்தில் கடை வைத்தார். 1931இல் வுட் என்னும் சிற்றூரில் பிறந்த மகன் ஜேம்ஸ், 1973இல் அமெரிக்க செனட்டின் முதல் அரபு வம்சாவளி உறுப்பினரானார். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுப்பதைக் கட்டுப்படுத்திய 1978ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் முன்னெடுத்ததற்கு, லக்கோட்டா மக்களின் அண்டையில் வளர்ந்ததும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.